தேவிக்கு, சுகர் விஷயமாக

அன்புள்ள தேவி,

நித்யா முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதியை முதல் வரியில் போடாமல், உன் சுகர் புராணம் முழுவதையும் முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தாயே, உனக்கே இது அடுக்குமா? நான் பாட்டியாகிறேன் என்று இவரிடம் கத்திச் சொன்னதில் அவர் மாடித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீரைப் பக்கத்து வீட்டு வத்தலில் ஊற்றிவிட்டார். இங்கே மற்றபடி எல்லாரும் சௌக்கியம். வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. லேப் வேலையை விட்டாலும் பழக்கம் போகவில்லை, ராத்திரி தூக்கம் வராவிட்டால் ஏதாவது ஆராய்ச்சிக் கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஆகவே நீ கேட்காமலே ஒரு பிரசங்கம் வரப்போகிறது, காபியை வைத்துக்கொண்டு உட்கார்.

உனக்கு ஏன் சுகர் வந்தது என்பதற்கு உன் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள் போல. நாத்தனார் பரம்பரை என்கிறாள், டாக்டர் டென்ஷன் என்கிறார், நீயோ பாதுஷாவின் மேல் பழி போட்டு உன்னையே திட்டிக்கொள்கிறாய். "ஐம்பது கிலோகூட இல்லாத எனக்கு எப்படி வசந்தா?" என்று எழுதியிருந்தாய் பார், அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டே ஒரு டாக்டர் பல வருஷங்களைச் செலவழித்திருக்கிறார். புனே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக்.

2004இல் லான்செட் இதழில் அவருடைய ஒரு போட்டோ வந்தது. அவரும் ஜான் யுட்கின் என்ற வெள்ளைக்கார டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் உயரத்துக்கு எடை பார்க்கும் கணக்கில் ஒரே எண், 22.3. ஆளைப் பார்த்தாலும் இரண்டு பேரும் ஒல்லிதான். ஆனால் உள்ளே இருக்கும் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம யாக்னிக்குக்கு 21.2. அதாவது தராசு நம்மிடம் பொய் சொல்கிறது. தசை குறைவு, அந்த இடத்தில் கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றி. உன் ஐம்பது கிலோ என்பது சர்ட்டிபிகேட் இல்லை.

இது சாப்பாட்டில் மட்டும் வந்ததா என்று பார்க்க அவர் பிறந்த குழந்தைகள் வரைக்கும் போனார். 1993இல் ஆரம்பித்து, புனேக்குப் பக்கத்தில் ஆறு கிராமங்களில் கல்யாணமான பெண்களைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே கவனித்து, குழந்தை பிறந்ததும் எடை மட்டும் இல்லாமல் தோல் மடிப்பின் தடிமனைக்கூட இடுக்கி வைத்து அளந்திருக்கிறார்கள். அங்கே குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு பின்தங்கியும் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தசையை விட்டுக்கொடுத்தாவது கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு பிறக்கிறது நம் பிள்ளை. ஒல்லியான குண்டுக் குழந்தை! பாதுஷாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிட்ட காரியம் இது, தேவி.

இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் ஒரு முன்கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1911 வாக்கில் ஹெர்ட்போர்ட்ஷயரில் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மாள் மருத்துவச்சிகளுக்கெல்லாம் மேற்பார்வை. பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும், ஒரு வயதில் மறுபடியும் எடையையும் பேரேட்டில் எழுதிவைக்கச் சொன்னார், அதுவும் வருஷக்கணக்காக நிற்காமல் நடந்தது. சௌதாம்ப்டனில் டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் அந்தப் பேரேடுகளை எடுத்து, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி எதில் செத்தார்கள் என்று பார்த்து 1989இல் வெளியிட்டார். ஒரு வயதில் எடை குறைவாக இருந்த ஆண்கள் இருதய நோயில் அதிகம் போயிருந்தார்கள். லேபில் ரெஜிஸ்டரை ஒழுங்காக எழுதாத பிள்ளைகளிடம் இந்தப் பர்ன்சைட் அம்மாள் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன், ஒருத்தரும் கேட்டதில்லை. மைசூரிலும் இதே மாதிரி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, ஹோல்ட்ஸ்வொர்த் என்று பெயர், 1934இலிருந்து குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் எழுதி வைத்திருந்தது. அங்கே பிறந்து ஊரிலேயே தங்கிவிட்டவர்களைத் தேடிப்பிடித்து 1996இல் எழுதினார்கள். அவர்களில், பிறக்கும்போது 2.5 கிலோவும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு இருதய நோய் 11 சதவீதம், 3.1 கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களுக்கு 3 சதவீதம்.

சரி, உன் நாத்தனார் பரம்பரை என்றாளே, அது முழுக்கத் தப்பும் இல்லை. ஆனால் பரம்பரை என்றால் மாற்ற முடியாத எழுத்து என்று அவள் நினைக்கிறாள். 1944 கடைசியில் ஜெர்மன்காரர்கள் மேற்கு ஹாலந்துக்குச் சாப்பாடு போகாமல் தடுத்து, ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400இலிருந்து 800 கலோரிதான் ரேஷன் என்ற நிலைமை வந்தது. மறு வருஷம் மே மாதம் விடுதலை வரும் வரைக்கும் அந்தப் பஞ்சம். அந்த மாதங்களில் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் கூப்பிட்டுச் சோதித்தபோது, குளுக்கோஸ் குடித்த பிறகு அவர்களுடைய சுகர் மற்றவர்களைவிட அதிகம் ஏறியது. 2008இல் இன்னொரு குழு அவர்களுடைய ரத்தத்தை, பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் பிறந்த கூடப்பிறந்தவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டது. கரு தரித்த சமயத்திலேயே பஞ்சத்தில் மாட்டியவர்களுக்கு, வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன வேதிக் குறிகள் அறுபது வருஷம் கழித்தும் குறைவாக இருந்தன. மரபணு அதேதான், ஆனால் அதன்மேல் பஞ்சம் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே வித்தியாசம் என்றால் இதைப் பரம்பரை என்பாயா, சாப்பாடு என்பாயா? நீ பிறந்த 66இல் நம் ஊரிலும் நிலைமை என்ன? ரேஷனில் வந்த அமெரிக்கக் கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சி காய்ச்சினோம் என்று உன் அம்மா சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அதனால்தான் உனக்குச் சுகர் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த வருஷம் பிறந்த எல்லாருக்கும் வந்துவிடவில்லையே. ஆனால் உன் பாதுஷா வாதத்துக்கு இது தேவலை.

இனி உன் டாக்டரின் டென்ஷன். இதை நான் லேசில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், காரணம் தெரியாத நோய்க்கெல்லாம் மனசைக் கைகாட்டுவது டாக்டர்களின் பழைய வழக்கம். அல்சர் கதையையே எடுத்துக்கொள். கவலையும் காரமும்தான் காரணம் என்று எத்தனை வருஷம் சொன்னார்கள்! ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அது ஒரு பாக்டீரியா என்றார்கள், யாரும் காதில் வாங்கவில்லை, மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்து இரைப்பையில் அழற்சி வரவழைத்துக் காட்டினார், 2005இல் நோபல் பரிசு. அதோடு மனசுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1995இல் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே இரைப்பைப் புண் கேஸ்கள் ஏறின, பெரும்பாலானவர்களின் வயிற்றில் அந்தக் கிருமி இருந்தது. கிருமி முன்பே குடியிருந்ததுதான், புண்ணாக்கியது அந்தக் குளிரும் பயமும் வீடில்லாத ராத்திரிகளும்.

மனசை எண்ணாக்கிக் காட்டிய ஒரு ஆராய்ச்சி இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற மனநல ஆராய்ச்சியாளர், 1995. மறதி நோய் வந்த தாயையோ கணவரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயது, வருமானத்தில் அப்படி எந்தப் பொறுப்பும் இல்லாத பெண்கள் 13 பேர். எல்லாருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் போட்டு, எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரி 39 நாள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48க்கும் மேல். அதே குழு அப்புறம் பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்திலும் இதைச் செய்தது, லீவில் ஒருதரம், பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் ஒருதரம், அதே பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் எடுத்தது. பரீட்சை முடிந்தால் அவர்களுக்கு லீவு விடும். உன் மாமியார் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து கதவைத் திறந்துகொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்புகிறாரே, உனக்கு எப்போது லீவு?

டென்ஷன் வந்தால் உடம்பு கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அது கல்லீரலிடம் குளுக்கோஸை வெளியே விடு, ஓட வேண்டியிருக்கும் என்கிறது, நீ எங்கே ஓடுகிறாய், கதவைச் சாத்திவிட்டு மறுபடி படுக்கிறாய். தூக்கமும் போய்விட்டதா, இன்சுலின் செய்கிற வேலை இன்னும் மந்தமாகிறது. ஆக டாக்டர் சொன்ன காரணம் சரிதான், ஆனால் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்பது மருந்தா? அவர் ஒரு ராத்திரி உன் மாமியார் பக்கத்தில் படுத்துப் பார்க்கட்டும்.

லண்டனில் அரசு ஊழியர்களை 1967இலிருந்து தொடர்ந்து பார்த்த வைட்ஹால் ஆராய்ச்சி என்று ஒன்று. மேலதிகாரிகளுக்குத்தான் தலைக்குமேல் வேலை, அவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று ஊரே நினைத்தது, கணக்கெடுத்தால் கடைசிப் படியில் இருந்தவர்கள்தான் அதிகம் இறந்துபோனார்கள். சிகரெட், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அப்படியே நின்றது. மைக்கேல் மார்மட்டும் அவருடைய ஆட்களும் அப்புறம் 1985இலிருந்து பெண்களையும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் பார்த்ததில், தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இருதய நோய் கூடுதல் என்று தெரிந்தது. உன் வீட்டை யோசித்துப் பார். அத்தையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, துணி அலசுவது நீ. எந்த டாக்டர், எந்த மாத்திரை, நர்ஸ் வைக்கலாமா வேண்டாமா என்று சொல்வது பெங்களூரில் இருக்கும் உன் பெரிய மச்சினர், அதுவும் போனில். இதை நீ கடிதத்தில் வெறும் ஒரு வரியில் எழுதிவிட்டு பாதுஷாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், எனக்கு உன்மேல் கோபமே வந்தது.

அம்பத்தூர் காற்றையும் விட வேண்டாம். டெல்லியிலும் சென்னையிலும் சுமார் 12,000 பேரைப் பல வருஷம் தொடர்ந்ததில், பிஎம் 2.5 என்கிற நுண்தூசி அதிகம் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்குச் சுகர் கூடுதலாக ஏறியிருக்கிறது. அதற்கு நீயும் நானும் என்ன செய்ய முடியும், ஜன்னலையா சாத்துவது? அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை.

நீ செய்யக்கூடியதைச் சொல்கிறேன், இதையாவது கேள். வைட்டமின் பி12 டெஸ்ட் எடு. நீ சுத்த சைவம், அதோடு இப்போது சுகருக்கு மெட்பார்மின் வேறு, அந்த மாத்திரையை நாள்பட எடுத்தால் பி12 குறையும், பாதம் மரத்துப்போனால் சுகர் என்றே நினைத்துக்கொள்வாய். நித்யாவுக்கும் எடுக்கச் சொல். அந்தப் புனே தாய்மார்களில் பாதிக்கு மேல் பி12 குறைவு, பி12 குறைந்து போலிக் ஆசிட் மட்டும் அதிகமாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி தெரிந்தது. போலிக் ஆசிட்டை நிறுத்திவிடாதீர்கள், அது குழந்தையின் முதுகுத்தண்டுக்கு அவசியம், பி12ஐயும் கூடவே பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் டெஸ்ட்டும் அவளுக்குக் கட்டாயம், வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சுகர். சென்னை சுகர் நிபுணர் சேஷய்யா டாக்டர் எளிமையாக்கிக் கொடுத்த முறை, நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்று அவள் தட்டில் நெய்யை ஊற்றாதே, பயறும் முட்டையும் (அவள் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும்டி, நீ தெரியாத மாதிரி இரு) போதும்.

அப்புறம் மச்சினர் விஷயம். அவரிடம் பணம் கேட்காதே, உடனே அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்வார். மாதத்தில் ஒரு வாரம் அத்தையை அங்கே கொண்டுபோய் விடு, அல்லது அந்த ஒரு வாரம் அவர் இங்கே வரட்டும், நீ வேலூருக்கு வந்துவிடு. நர்ஸ் வைப்பதா என்பதை நீயும் உன் வீட்டுக்காரரும் முடிவு செய்துவிட்டுப் பிறகு அவருக்குத் தகவல் சொல்லுங்கள், அனுமதி கேட்க வேண்டாம். நீ பேசத் தயங்கினால் அவர் நம்பரை எனக்கு அனுப்பு, அந்த 48 நாள் கணக்கை அவருக்கு நானே விளக்கிச் சொல்கிறேன்.

எச்பிஏ1சி, அதான் அந்த மூன்று மாதச் சராசரி சுகர் ரிப்போர்ட் அனுப்புவதாக எழுதிவிட்டு மறந்துவிட்டாய். பி12ஓடு சேர்த்து அதையும் அனுப்பு. சீமந்தத் தேதி தெரிந்ததும் சொல், கண்ணாடி வளையல் என் பொறுப்பு.

அன்புடன்,
வசந்தா