வீட்டு வரி ரசீது

ஒத்தக்கடை,
மதுரை.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டி வலி பரவாயில்லை. ஆனைமலைப் பக்கம் இரண்டு நாட்களாக நல்ல மழை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில், நீ மாப்பிள்ளையின் வீட்டு வரி ரசீதுக்கும் ஆதார் அட்டைக்கும் நகல் கேட்டதாகவும், யாரோ நண்பனுக்குத் தேவைப்படுகிறது என்று சொன்னதாகவும் அவர் சொன்னார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் முப்பத்தொரு ஆண்டுகள் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஜாமீனுக்காகச் சொத்து மதிப்புச் சான்று கேட்டு வருகிறவர்கள் என் மேசை முன்னால் எந்தக் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. நீ தொலைபேசியில் பேசி ஐந்து வாரங்கள் ஆகின்றன.

நான் எதையும் கேட்கப்போவதில்லை. நண்பனுக்குத்தான் என்று நீ சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே நான் எழுதுவதை அந்த நண்பனிடம் சொல்.

முதலில் அவர் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி, அதில் எந்தப் பிரிவு, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கஞ்சா என்றால் ஒரு கிலோவுக்குக் குறைந்தது சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. அதற்குக் குறைந்த தண்டனையே பத்தாண்டு, ஜாமீன் கிடைப்பதும் 37ஆவது பிரிவினால் மிகவும் கடினம். பூவும் காயும் கொண்ட நுனிப் பகுதியைத்தான் சட்டம் கஞ்சா என்கிறது; அந்த நுனி இல்லாமல் விதையும் இலையும் மட்டும் தனியே இருந்தால் அவை கஞ்சா ஆகாது. எனவே எதை எப்படி எடை போட்டார்கள் என்பதை வழக்கறிஞர் அவசியம் பார்க்க வேண்டும்.

பணம் இல்லை என்று வழக்கறிஞர் வைக்காமல் இருக்கக் கூடாது. காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987 ஆம் ஆண்டின் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். அந்தந்த மாவட்டத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். வாய்தாவுக்கு ஒரு நாள்கூடப் போகாமல் இருக்கக் கூடாது. பிடிவாரண்ட் வந்துவிட்டால் கிடைத்த ஜாமீனும் போய்விடும்.

சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் வழக்கை முடிப்பதில்லை. அது தண்டனையாகப் பதிவாகிவிடுகிறது. ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையோ சட்டத்தன்மையையோ தவிர வேறு எதற்கும் மேல்முறையீடு செய்ய முடியாது. அதன் பிறகு இதே சட்டத்தில் அதே அளவு தண்டனைக்குரிய வழக்கு இன்னொன்று வந்து அதிலும் தண்டனை ஆனால், 31ஆவது பிரிவின்படி உச்ச தண்டனை ஒன்றரை மடங்காகிறது. ஓராண்டு என்பது ஒன்றரை ஆண்டாகிவிடும்.

இதை நான் யாருக்காகத் தெரிந்துகொண்டேன் என்று உனக்குத் தெரியும்.

இங்கே காலையில் பேருந்து நின்றால், உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகும் கறுப்புக் கோட்டுக்காரர்கள் கும்பலாக இறங்குகிறார்கள். அந்தக் கிளை 2004 இல் இங்கே வந்தது முதல் தினமும் பார்க்கும் காட்சிதான். 2019 இல் அவர்களில் ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்ற பயத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டே கடந்து போனேன். போன வாரம்தான் தேநீர்க்கடையில் ஒருவரிடம், 'என் நண்பரின் மகன்' என்று சொல்லி எல்லாவற்றையும் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குக் கை நடுங்கியது.

அன்று உன்னிடம் இருந்தது பதினெட்டு கிராம். நீதிமன்ற வராண்டாவில், மர பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, என்னால் இதை விட முடியவில்லை, டாக்டரிடம் போகலாமா" என்று கேட்டாய். வியாழக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் முடிந்தாக வேண்டும் என்று நான் சொன்னேன். வக்காலத்துப் போட்டவரும் அபராதத்தோடு போய்விடும் என்றார். ஒப்புக்கொள் என்று உன்னிடம் சொன்னது அவர் அல்ல, நான்தான். நீ உள்ளே போய் ஒப்புக்கொண்டாய். ரசீது என் கையில் வந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் இப்போது என்னை அறுக்கிறது. தீர்ப்பு நகலில் உன் பெயருக்குமுன் 'எதிரி' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட எல்லோருக்கும் நீதிமன்றத்தில் போடும் சொல்தான் அது என்று தெரிந்தும், நான் அந்தத் தாளை அம்மாவின் கண்ணில் காட்டவில்லை.

நீ கேட்டதைத்தான் சட்டமும் சொல்கிறது, மகனே. 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்திற்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிடலாம். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகுகூட, 39ஆவது பிரிவின்படி, சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு வழிகள் திறந்திருந்தன. மருத்துவர் வேண்டும் என்று நீ கேட்டாய். நான் ரசீது வாங்கிக் கொடுத்தேன்.

பழைய தண்டனையை எதிர்த்து இப்போது ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டேன். சீராய்வு மனுவுக்கான 90 நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. தாமதத்துக்குக் காரணம் காட்டி மனுப் போடலாம். ஏற்பதும் தள்ளுவதும் நீதிமன்றத்தின் கையில் என்றார். எனக்கு அந்த வழியும் வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதச் சொல்வேன்.

பொங்கலுக்கு வந்தபோது ஓமான் வேலையைப் பற்றிச் சொன்னாய். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதே. கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தால்தான் தண்டனையைக் காட்டி மறுக்கலாம். உன் பழைய அபராதம் அதில் வராது. ஆனால் மறைப்பது தனிக் குற்றம், அதற்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வார்ப்பாலையில் உன்னைச் சூப்பர்வைசராக்கியதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். ஐந்து வாரம் பேசாமல் இருந்தது மட்டும் சரியில்லை. அம்மா தினமும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியைத் துடைத்து மேசைமேல் வைக்கிறாள்.

நண்பரிடம் சொல்: 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கு இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். கோயம்புத்தூரில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் இங்கே வரட்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப் போகிறேன், வரிசையில் நானே நிற்கிறேன். மருந்துச் சீட்டு, சேர்க்கைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைக்க வேண்டும்; 64-ஏ கேட்டு மனுச் செய்யும்போது அவைதான் சாட்சி. ஒப்புக்கொண்டு மட்டும் விடக்கூடாது.

மாப்பிள்ளையின் ரசீது வேண்டாம். இந்த வீட்டின் வரி ரசீது என் பெயரில் இருக்கிறது. இந்த ஆண்டுக்குக் கட்டியாகிவிட்டது. அதையும் ஆதார் நகலையும், இரண்டு புகைப்படங்களையும் ஓர் உறையில் போட்டு மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். ஜாமீன்தாராக நான் வருகிறேன். எந்த ஊர் நீதிமன்றம், என்றைக்கு என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
அப்பா