எங்கள் கூலியில் பிடித்த வரியைச் செலுத்தாத நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோரி மூன்றாவது மனு

பெறுநர்: வருமான வரி அதிகாரி (டி.டி.எஸ். எனும் மூல வரிப் பிடித்தப் பிரிவு) அவர்கள்
அனுப்புநர்: லேத் (கடைசல் இயந்திரப்) பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

மதிப்பிற்குரிய ஐயா,

ஆவாரம்பாளையம் தொடங்கி கணபதி வரை, வீட்டின் முன்பகுதியில் இரண்டு லேத்துகளைப் போட்டு பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறைகளைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அவற்றுள் ஒன்று என்னுடையது. இதே கோரிக்கையுடன் ஏற்கெனவே இரண்டு மனுக்கள் அளித்தேன். ஒப்புகைச் சீட்டுகளைத் தவிர எந்தப் பதிலும் வரவில்லை.

1. நான் ஜாப் ஆர்டர் (கூலிக்குக் கடைசல் வேலை) செய்துகொடுத்த நிறுவனம் (பெயரும், வரி பிடிப்போருக்கான டான் எண்ணும் இணைப்பில்) வருமான வரிச் சட்டப் பிரிவு 194சி-யின்படி என் பில்களில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்தது. 2021-22இல் 28,400, 2022-23இல் 33,600, 2023-24இல் 31,000. ஆக 93,000 ரூபாய்.

2. பிடித்த வரியைப் பொதுவாக மறுமாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். என் பெயரில் செலுத்தப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

3. வரவு ஏறாததால் அந்த வரியை என்னையே கட்டச் சொல்லி அறிவிப்புகள் வந்தன. பிடிக்கப்பட்ட வரியைப் பணம் பெற்றவரிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 205 கூறுகிறது. நேரடி வரிகள் வாரியமும் 2016 மார்ச் 11 அன்று இதை அதிகாரிகளுக்கு நினைவூட்டியது. இருந்தும் 2024-25க்கு எனக்கு வரவேண்டிய 41,000 ரூபாய் ரீஃபண்டை அந்த நிலுவையில் கழித்துவிட்டார்கள். ஐயா, அந்தப் பணம் பெரிய லேத்தின் சுழலும் தண்டைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங்கை மாற்றுவதற்கென்று நான் எதிர்பார்த்திருந்த பணம். பேரிங் தேய்ந்து அளவு நிற்காமல், கடைந்த துண்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. இப்போது அந்த லேத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. 11 ஆண்டுகள் அதில் நின்ற தொழிலாளி பத்து நாள் வேலையின்றி உட்கார்ந்திருந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். அவரை நிறுத்திவைக்க என்னிடம் கூலி இல்லை.

4. 2019 செப்டம்பர் 20 அன்று, பிற சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு வரி 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. லாபம் பெருகினால் முதலீடும் வேலையும் பெருகும் என்றார்கள். நல்லது, பெருகட்டும். தனி உரிமையாளனான எனக்கு அந்த விகிதம் கிடையாது. அதையும் நான் கேட்கவில்லை. ஆனால் தன் லாபத்துக்குரிய வரியில் சலுகை பெறத் தகுதியுள்ள நிறுவனம், என் கூலியில் பிடித்ததைத் தானே வைத்துக்கொள்வதை எந்தப் பொருளாதாரக் கொள்கையில் சேர்ப்பது? என்னிடம் வரி பிடித்த அந்த ஆண்டுகளில், அதே சட்டத்தின் பிரிவு 276பி இதற்கு மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதித்தது. சட்டம் குற்றம் என்று சொல்வதைச் செய்தவருக்கு ஒரு கடிதமாவது போயிற்றா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மூன்று ஆண்டுக்கும் அறிவிப்பு வந்திருக்கிறது. பிடித்தவரை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனிடம் வசூலிப்பது எப்படி நியாயமாகும், ஐயா?

5. பில்கள், வங்கிக் கணக்கு விவரம் அனைத்தையும் மூன்றாவது முறையாக இணைத்துள்ளேன்.

ஆகவே, அந்த நிறுவனத்திடமிருந்து வரியை வட்டியுடன் வசூலித்து, பிரிவு 276பி-யின் கீழ் நடவடிக்கை எடுக்கவும், என் மீதான நிலுவையை நீக்கி 41,000 ரூபாயைத் திருப்பித் தரவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அனைத்தும் உடனே இயலாவிட்டாலும், அந்த 41,000 ரூபாயை முதலில் விடுவியுங்கள், ஐயா. லேத் ஓட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)