தோற்கவில்லை, விலை பேசினார்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நான்காம் எட்வர்ட் 1475இல் பிரான்ஸிடம் ‘தோற்றுத் திரும்பினார்’ என்கிறது தங்கள் கட்டுரை. போரே நடக்கவில்லையே!

எட்வர்ட் பெரும்படையோடு கலே துறைமுகத்தில் இறங்கினார். கூட்டாளியான பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்லஸோ, நாய்ஸ் நகர முற்றுகையில் தன் படையைக் களைக்க வைத்துவிட்டு, சிறு பரிவாரத்தோடு வந்து நின்றார். கணக்கு அங்கேயே பிசகிவிட்டது. ஆகஸ்ட் 29இல் பிகினி என்ற ஊரில் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயியுடன் உடன்பாடு: எட்வர்டுக்குக் கையோடு 75,000 கிரௌன் நாணயம், ஆண்டுக்கு 50,000, ஏழாண்டுப் போர்நிறுத்தம், பிரெஞ்சு இளவரசருக்கு மணப்பெண்ணாக எட்வர்டின் மகள் எலிசபெத்.

மன்னர்கள் சந்தித்த பாலத்தின் நடுவே மரக்கிராதி அடைத்திருந்தார்கள். அதில் கதவே கிடையாது. 1419இல் மோன்த்ரோ பாலத்தில் இன்னொரு பர்கண்டி கோமகன் வெட்டிக் கொல்லப்பட்டதை லூயி மறக்கவில்லை.

பர்கண்டி மிரட்டும்வரைதான் லூயிக்கு எட்வர்டின் தயவு தேவைப்பட்டது. 1477இல் சார்லஸும், 1482இல் அவர் மகள் மேரியும் இறந்தார்கள். 1482 டிசம்பரிலேயே பர்கண்டித் தரப்போடு அர்ராஸ் உடன்படிக்கை. இளவரசருக்கு மேரியின் மகள் மார்கரெட்டை நிச்சயித்துவிட்டார் லூயி. ஆண்டுப் பணமும் நின்றது.

– வாசகர்