கொள்ளுப்பாட்டியைப் பார்க்க வருபவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளியை ஒட்டிக் குன்னூர் வருகிறவர்கள் எந்த நாள் என்று இந்தக் குழுவிலேயே போட்டுவிடுங்கள். எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட்டால் பாட்டியால் ஒருவரோடும் ஆற அமரப் பேச முடிவதில்லை.

மதியம் தூங்கி எழுந்து, நான்கு மணிக்கு டீ குடிக்கும் நேரத்தில்தான் அவர் நல்ல தெம்பாக இருக்கிறார். அப்போது வாருங்கள். இஞ்சி தட்டிப் போட்ட டீ, சர்க்கரை அரை ஸ்பூன் போதும். வர்க்கியை டீயில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்! குழந்தைகளும் அதைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். அவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், பாட்டிக்கு வலது பக்கம் உட்கார வையுங்கள். அந்தக் காதுதான் நன்றாகக் கேட்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு, குன்னூர் இடையே மண் சரிந்து மலை ரயில் நின்றுவிடுவது உண்டு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டியை நம்பியிருப்பவர்கள் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் அவசியம்.

அப்புறம், இனிப்புப் பெட்டிகள் வேண்டாம். பழைய கல்யாண போட்டோக்கள் இருந்தால் கொண்டு வாருங்கள். யார் யார் என்று பாட்டியே சொல்வார்.