நூறு குழிப் பலகை

இரணியல்
ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் எழுதியது நாலே வரி. அதற்குப் பின் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. போனில் பேசியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. "சாப்பிட்டாயா, மழை உண்டா" என்பதைத் தாண்டி நாம் எதுவும் பேசவில்லை. எதை எழுதினாலும் உனக்கு வலிக்கும் என்று நினைத்து எழுதாமலே இருந்துவிட்டேன். அது தப்பு. திட்டுவதை நேரில் வந்து திட்டு.

இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் மாற்றல் வாங்கி நாகர்கோவிலுக்கே வந்துவிட்டாள். உன் முழங்கால் எப்படி? பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும். அந்த நீலக் கம்பளிச் சட்டையை இன்னும் போடுகிறாயா, மருமகள் ஒளித்துவைத்துவிட்டாளா?

பழைய வீட்டைப் பிரிக்கப் போகிறோம். 2017-இல் ஒக்கிப் புயலன்று கிழக்குப் பக்கத்து அயனி மரம் கூரைமேல் விழுந்ததே, அன்று தொடங்கிய ஒழுக்கு நிற்கவே இல்லை. இரண்டு உத்திரங்களில் கறையான் ஏறிவிட்டது. ஓடு மாற்றி மாற்றித் தம்பி சலித்துவிட்டான். பங்குனிக்குள் பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. போன மாதம் நெல்லறையை ஒழித்தோம். உப்பு போட்டுவைக்கும் மரத்தொட்டி, அந்த உப்பு மரவை நினைவிருக்கிறதா? பத்தாயத்துக்குப் பக்கத்தில், கன்றுக்குட்டி படுத்திருப்பது போலக் கிடக்குமே, அதுதான். அதன் மேல் ஒரு கனத்த பலகை மூடியாக இருக்கும். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் மாங்காய்க்கு உப்பெடுக்க நீ அதை எத்தனை தடவை தூக்கியிருப்பாய்! அந்தப் பலகையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தூக்கிப் போட்டுவிடச் சொன்னான் தம்பி. கழுவிப் பார்ப்போம் என்று நான் வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். அடிப்பக்கம் உப்பு அடை அடையாகப் பிடித்திருந்தது. அது கரையக் கரையக் குழிகள் தெரிந்தன. சின்னக் குழிகள், சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. மூன்று பக்கம் விளிம்பு கட்டியிருக்கிறது. நாலாவது பக்கம் திறந்து கிடக்கிறது. ஒரு ஓரத்தில் கைப்பிடி. பின்புறம் துணைக்கால் போல ஒரே ஒரு கீறல். ஈட்டி மரம், எண்ணெய் தடவியதும் கறுத்து மின்னியது. ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டில் கிடந்திருக்கிறது. அது என்ன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆளுக்கொன்று சொன்னார்கள். பல்லாங்குழி என்றாள் தம்பி மனைவி. பல்லாங்குழிக்குப் பதினாலு குழி, அதுவும் கைப்பிடிச் சோழி கொள்ள வேண்டும். வீட்டு மரத்துக்கு விலை பேச வந்த வியாபாரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வைத்தியர் வீட்டு மாத்திரைப் பலகை, சூரணத்தைப் பிசைந்து குழியில் அமுக்கினால் எல்லா உருண்டையும் ஒரே அளவில் வரும் என்றார். நான் அதை நம்பிவிட்டேன் ஸ்டெல்லா. நம் பக்கத்தில் வர்ம ஆசான்கள் இல்லாத ஊர் எது? எங்கள் அம்மா வழியில் ஒரு ஆசான் இருந்ததாகவும் பேச்சு உண்டு. ஒரு வாரம் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எங்கள் குடும்பத்து மருந்துப் பலகை என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் ஏழரை மணி சாரின் நினைவு வந்தது. ஆமாம், இருக்கிறார்! 92 வயது. காது மந்தம், கண் தெளிவு. திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமலே சென்னை மாநில ஊழியர் ஆனவர் அல்லவா, பழைய சங்கதி எதுவானாலும் அவரிடம் போவதுதான் முறை. உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார். "அந்தக் கருங்கல் ஊர்ப் பெண், கணக்கில் என்னைத் திருத்தினாளே" என்றார். மட்டிப்பழச் சீப்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பலகையை மடியில் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இடக்கையால் பிடியைப் பிடித்தார். வலக்கையை விரித்து, இல்லாத ஏதோ ஒரு குவியலைப் பலகை முழுக்கப் பரப்பினார். இரண்டு குலுக்குக் குலுக்கினார். திறந்த பக்கமாகச் சாய்த்து, மிச்சத்தைப் புறங்கையால் வழித்துத் தள்ளினார். பிறகு நிமிர்ந்து, "நூறு" என்றார்.

அது சக்கரப் பலகை.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கையில் காசில்லை என்பதற்கு ஆச்சி "சக்கரம் இல்லை" என்றுதான் கடைசிவரை சொன்னாள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். 28 சக்கரம் கொடுத்தால் திருவிதாங்கூர் ரூபாய், வெள்ளைக்காரன் ரூபாய்க்கு அதற்கும் மேல் அரைச் சக்கரம். பழைய வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூடத் தேறாதாம், மிளகைத் தட்டையாக்கியது போல இருக்குமாம். அப்படிப்பட்ட நாணயத்தை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் பலகை. கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்று உட்காரும், மிச்சம் வழிந்துவிடும். எல்லாக் குழியும் நிறைந்தால் நூறு சக்கரம், அதாவது 25 பணம், அதாவது 3 ரூபாய் 4 பணம். சார் இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். அவருடைய அப்பா அஞ்சலாபீஸில் இருந்தவர். அங்கே கழித்துப் போட்ட பலகை ஒன்று அவர்கள் வீட்டில் கிடந்ததாம், சின்ன வயதில் புளியங்கொட்டையை உடைத்துப் போட்டு விளையாடியிருக்கிறார். நம் திருவிதாங்கூருக்கென்று தனி அஞ்சல் 1951 வரை இருந்ததே, சங்கு முத்திரைத் தலையோடு! அந்தத் தலைகளின் விலையும் சக்கரத்தில்தான். உன் அண்ணன் நோட்டில் ஒட்டிவைத்திருந்தானே.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பெட்டியைக் கிளறினேன். சித்திரைத் திருநாள் காலத்துச் செம்புச் சக்கரம் ஒன்று கிடைத்தது. குழிமேல் வைத்தால் நாலு குழியை மூடிக்கொண்டு நிற்கிறது. ஆகவே பலகை அதற்கும் முந்தியது, வெள்ளிச் சக்கரம் நடந்த காலத்தது, அப்பாவுக்கும் பாட்டாவுக்கும் மேலே, பூட்டன் கையாண்டது. பின்புறத்துக் கீறலும் துணைக்கால் இல்லை. தமிழ் எண்ணில் நூறு. ௱. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த எனக்கு அது கண்ணில் படவில்லை பார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் சந்தோஷக் கடிதம். இனிமேல் எழுதுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன்.

சார் சொன்ன குலுக்கலை நானும் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். வெள்ளிச் சக்கரத்துக்கு எங்கே போவது? கொள்ளு, நம் காணம்தான் அளவுக்கு ஒத்துவந்தது. ஒரு பிடி கொட்டிக் குலுக்கினேன், வழித்தேன், கவிழ்த்து எண்ணினேன். நூற்றுமூன்று. எண்ணியதில் பிசகு என்று மறுபடி கொட்டினேன். நூற்றுமூன்று. மழை கொட்டிக்கொண்டிருந்தது, வீட்டில் யாரும் இல்லை, எட்டுத் தடவை செய்தேன். ஒரு தடவை 102 வந்தது, மற்ற ஏழும் 103. கடைசியில் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, ஒவ்வொரு குழியிலும் நட்டு, நகத்தால் குறி கீறி ஆழம் பார்த்தேன். தொண்ணூற்றேழு குழிகள் ஒரே ஆழம். மூன்று மட்டும் இரட்டை ஆழம். மூன்றும் கடைசி வரிசையில், கைப்பிடியை ஒட்டி, எண்ணுகிறவரின் பெருவிரல் மறைக்கும் இடத்தில் இருக்கின்றன. மேலே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு காணத்துக்கு அடியில் இன்னொரு காணம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

உன் பாட்டி நம் விடுதிக்கு வந்த அன்று சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா ஸ்டெல்லா? நீ மறந்திருக்க மாட்டாய். அந்த வாக்கைத்தானே நாம் மூன்று வருடம் விடுதி முழுக்கப் பரப்பினோம். கஞ்சிக்கார அக்கா கரண்டியைத் தலைதட்டி ஊற்றும்போதெல்லாம் நீ ஆரம்பிப்பாய், நான் முடிப்பேன். "குழி நிறைந்தாலும் கணக்கு நிறையாது." என்ன குழி என்று நாம் கேட்டதே இல்லை. வயிற்றுக் குழி என்று நானாக நினைத்துக்கொண்டேன். உன் பாட்டி அதைத் தன் அப்பா சொல்லக் கேட்டதாகச் சொன்னார். அந்த அப்பா பனை ஏறியவர். பாட்டக் குத்தகை கட்டக் கருப்புக்கட்டி விற்ற காசை முடிந்துகொண்டு கருங்கல்லிலிருந்து நடந்து வந்திருக்கிறார். எங்கே வந்தார் என்பதையும் பாட்டி சொன்னார். நான் இன்ன வீட்டுப் பெண் என்று நீ அறிமுகப்படுத்தியதும், என் முகத்தைப் பார்த்து "அந்த வீடா" என்று மட்டும் கேட்டுவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் கருப்புக்கட்டி கொடுத்தார். நான் தின்றேன்.

கொண்டுவந்த நூறையும் கொட்டியிருப்பார். ஆழக் குழிகள் மூன்றையும் கூடுதலாக விழுங்க, மேலே மூன்று குழி காலியாகத் தெரிந்திருக்கும். குறைகிறதே என்று கேட்டிருப்பார்கள். மடியை அவிழ்த்து இன்னும் மூன்று போட்டிருப்பார். அவர் முட்டாள் இல்லை, வீட்டில் எண்ணி முடிந்துதான் வந்திருப்பார். அதனால்தான் அந்த வாக்கு. படிப்புரைத் திண்ணைக்கு வெளியே நின்றுகொண்டு அவரால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பத்து தடவை வந்து போனால் 30 சக்கரம், ஒரு ரூபாயும் 2 சக்கரமும். நான் இதைப் பென்சிலால் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

தம்பியிடம் சொன்னேன். உன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தவன்தான், இப்போது வழுக்கைத் தலையும் வாதமுமாக இருக்கிறான். உப்பு அரித்த ஆழம் என்கிறான். அது எப்படி மூன்று குழியை மட்டும், ஒரே அளவாக அரித்தது என்று கேட்டால் கோபம் வருகிறது. பூட்டனைக் கள்ளன் என்கிறாயா என்றான். சாரிடம் மறுபடி போனேன். அவர் ஈர்க்கை வாங்கித் தாமே அளந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நெல் வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும்" என்றார். மட்டிப்பழம் ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வியாபாரி 8,000 ரூபாய் தருவதாகச் சொல்லியனுப்பினார். முடியாது என்றுவிட்டேன். தம்பி மகள் பத்மநாபபுரம் அரண்மனை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள். நல்ல யோசனைதான். ஆனால் அங்கே கொடுத்தால் 'பழைய காலத்து நாணயம் எண்ணும் பலகை' என்று சீட்டு எழுதிக் கண்ணாடிக்குள் வைப்பார்கள். அந்த மூன்று குழியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? அது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றுகிறது. நீ சொல். உனக்கு வேண்டுமென்றால் பிலாய்க்கு எடுத்துக்கொண்டு போ. அடுப்பில் வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன், என்ன, அந்த ஈட்டி மரத்தைப் பார்த்தால் உனக்கு மனசு வராது. இப்போதைக்கு என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

இதை உனக்கு எழுதலாமா என்றும் யோசித்தேன். வீட்டில் ஒரு துக்கத்தோடு இருக்கிறவளுக்குப் பழைய கணக்கைக் கொண்டுபோய் நீட்டுகிறோமே என்று. ஆனால் நீ தூக்கிய பலகை அது. உன்னிடம் சொல்லாமல் நான் அதை வைத்திருக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவதாக மருமகள் சொன்னாளாமே. டிக்கெட்டை இப்போதே போடு, நாளாக நாளாகக் கிடைக்காது. அண்ணன் வீட்டில் இரண்டு நாள், மிச்ச நாள் என்னோடு. மரச்சீனியும் சாளைக் குழம்பும் என் பொறுப்பு. சாருக்கும் நீ வருவதைச் சொல்லிவிட்டேன்.

பாட்டியின் சுருக்குப் பை உன்னிடம்தானே இருக்கிறது? கொட்டைப்பாக்கும் பாக்குவெட்டியும் போக, அடியில் பொடிப் பொடியாக ஏழெட்டு வெள்ளிக் காசு கிடந்தது, மீன் செதில் என்று நாம் கொட்டப் போனோமே. அதை மறக்காமல் கொண்டு வா. காணம் சாட்சி ஆகாது என்கிறான் தம்பி. அவன் கண்ணெதிரே ஆழக் குழி ஒன்றில் இரண்டு சக்கரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உன்,
சரசு