மலைப்பாதைகளில் உயரப் பலகை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றத்துக்குப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷூ, ரெயின்கோட், அட்டைக்கு உப்பு, போனுக்கு பவர் பேங்க் என்று எல்லாமே இருந்தது, நல்ல கட்டுரைதான். ஆனால் சோலாரில் ஓடும் சென்சார் வாட்ச் பற்றி மட்டும், வசதி இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பல வருடமாக அதைக் கட்டிக்கொண்டு நடக்கிறவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதோடு சேர்த்து, மலைப்பாதைகளில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதிய பலகைகள் வைக்க வேண்டும் என்று வனத்துறைக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

நான் சொல்வது கேஷியோ ப்ரோ ட்ரெக் போன்ற வாட்ச். காற்றழுத்தம், திசை, வெப்பநிலை மூன்றுக்கும் சென்சார் இருக்கும், அழுத்தத்தை வைத்து உயரமும் காட்டும். டயலிலேயே சோலார் தகடு இருக்கிறது. நல்ல வெயிலில் 5 நிமிடம் காட்டினால் ஒரு நாள் ஓட்டத்துக்குப் போதும், மேகமூட்டம் என்றால் முக்கால் மணி நேரம் ஆகும், வீட்டு டியூப்லைட்டை மட்டும் நம்பினால் 8 மணி நேரம். முழுதாகச் சார்ஜ் ஏறிவிட்டால் வெளிச்சமே படாமல்கூட ஐந்தாறு மாதம் ஓடும், சென்சாரை அடிக்கடி அழுத்தினால் அது குறையும். சோலைக்காட்டுக்குள் நாள் முழுக்க நடக்கும்போது, அதுவும் ஜெர்கின் கைக்குள் வாட்ச் மறைந்து கிடந்தால், ஒன்றும் ஏறாது. சாப்பிட உட்காரும்போது கையை மடித்துவிட்டு வெளிச்சத்தில் காட்டினால் சரியாகிவிடும். ஆனால் சார்ஜ் ஏறட்டும் என்று கார் டேஷ்போர்டில் வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூடு பேட்டரியைக் கெடுத்துவிடும்.

கடையில் ரேடியோ சிக்னல் வைத்துத் தானாக நேரம் திருத்திக்கொள்ளும் மாடலைக் கூடுதல் விலைக்குக் காட்டுவார்கள். அந்தச் சிக்னல் ஜப்பான், சீனா, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி நிலையங்களிலிருந்து வருவது, தமிழ்நாட்டுக்கு எட்டாது. நம் ஊர் மலைகளுக்கு மட்டும் என்றால் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.

இந்த வாட்ச் உயரத்தை எப்படிக் காட்டுகிறது என்பதைத்தான் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அது உயரத்தை நேரடியாக அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளந்து அதிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. காற்றழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள்; கடல் மட்டத்தில் சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல் இருக்கும், மேலே போகப் போகக் குறையும், ஆரம்பத்தில் எட்டு ஒன்பது மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இருக்கும் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க, வானிலையால் அழுத்தம் மட்டும் இறங்கினால், நீங்கள் ஏறிவிட்டதாக வாட்ச் நினைத்துக்கொள்ளும். நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே தினமும் காலை 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்துக்குப் போய், மாலை 4 மணி வாக்கில் இறங்கி, இரவு 10 மணிக்கு மறுபடி ஏறி, விடிகாலை 4 மணிக்கு மறுபடி இறங்கும். மழை, புயல் எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இந்த வித்தியாசம் வரும். அதாவது காலையில் சரிசெய்த வாட்ச் மாலையில் அதே இடத்தில் 25, 30 மீட்டர் கூடுதலாகக் காட்டினால் அது கோளாறு இல்லை. இதைத் தெரியாமல் நல்ல வாட்சைச் சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். மாலையில் அழுத்தம் இறங்குவதைப் பார்த்து மழை வருகிறது என்று பதறவும் வேண்டாம். ஒரே இடத்தில் கூடாரம் போட்டிருக்கும்போது இரவு 10 மணிக்குள் ஏற வேண்டிய அழுத்தம் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் மட்டும் யோசியுங்கள். கோடை இடிமழையை இந்த வாட்ச் சொல்லும் என்று நம்பவே கூடாது, அதற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வெப்பநிலையும் அப்படித்தான், கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூட்டையும் சேர்த்துக் காட்டும், கழற்றிப் பையில் மாட்டி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். திசைகாட்டியை போனுக்குப் பக்கத்திலோ ஜீப்புக்குப் பக்கத்திலோ வைத்துப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு சிக்கல் உள்ள வாட்ச் எதற்கு, போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். டவர் இல்லாவிட்டாலும் போன் இடத்தைக் காட்டும், உண்மைதான், இந்த வாட்சில் அது கிடையாது. ஆனால் மழையில் நனைந்த விரலுக்கு போன் திரை வேலை செய்யாது, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். மூடுபனி இறங்கி பத்தடிக்கு மேல் கண் தெரியாத நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் ஓடையை ஒட்டி இறங்கிக்கொண்டிருக்கிறோம், வரைபடத்தில் அந்த ஓடை தெரிகிறது, ஆனால் ஓடையில் எந்த இடத்தில் நிற்கிறோம்? வாட்ச் 1,640 மீட்டர் என்று காட்டினால், வரைபடத்தில் அந்த உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துப் போட்ட கோடு, ஓடையை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் நிற்கிறோம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களில் அந்தக் கோடுகள் பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். கையில் அந்தத் தாளும் சரியாகத் திருத்திய வாட்சும் இருந்தால் சார்ஜ் பற்றிய கவலை இல்லாமல் வழி பிடிக்கலாம்.

அதைவிட முக்கியமான உபயோகம், எப்போது திரும்ப வேண்டும் என்று முடிவெடுப்பது. நடந்த தூரத்துக்கு ஆகும் நேரத்தோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள் என்று நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இலேயே சொல்லிவிட்டார். அது பழகிய மலையேறிகளின் கணக்கு. மூட்டையோடு போகும் நம் குழுக்கள் மணிக்கு 300 மீட்டர் ஏறினாலே நல்ல வேகம். காலை 11 மணிக்கு இன்னும் 900 மீட்டர் பாக்கி இருக்கிறது என்று வாட்ச் காட்டினால் உச்சிக்குப் போகவே 2 மணி ஆகும், இறங்கி வருவதற்குள் இருட்டிவிடும், அங்கேயே திரும்பிவிடலாம். இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டே ஏறும் குழுவில் எண்ணைக் காட்டிப் பேசினால்தான் ஆட்கள் கேட்கிறார்கள்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால், உயரம் உறுதியாகத் தெரிந்த இடங்களில் வாட்சைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த இடங்களுக்குத்தான் நம் மலைகளில் பஞ்சம். ரயில்வேயைப் பாருங்கள், எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் மஞ்சள் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். நீலகிரிக்குப் போகும்போதெல்லாம் நான் மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் பலகையைப் பார்த்து வாட்சை வைப்பேன், அது சுமார் 330 மீட்டர். குன்னூரில் ஒருமுறை சரிபார்ப்பேன், உதகை ஸ்டேஷனில், சுமார் 2,200 மீட்டரில், இன்னொரு முறை. அதற்கப்புறம் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் கேட்க நாதி இல்லை. பாதை தொடங்கும் இடத்தில் யானை நடமாட்ட எச்சரிக்கை இருக்கிறது, பிளாஸ்டிக் தடை இருக்கிறது, கட்டண விவரம் இருக்கிறது, உயரம் மட்டும் இருக்காது. சில இடங்களில் சுற்றுலாவுக்காக எழுதி வைத்திருக்கும் எண்ணும் பக்கத்திலேயே இன்னொரு பலகையில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போவதில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு, முன்பதிவு செய்து போகிற ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் அத்தனை உயிர்களைப் பறிகொடுத்த மாநிலத்துக்கு இப்படி ஓர் ஒழுங்கு தேவைதான். இந்த 40 பாதைகளிலும் தொடக்கத்தில், ஓடை கடக்கும் இடத்தில், ஓய்வெடுக்கும் இடத்தில், உச்சியில் என்று சிறிய பலகைகளில் உயரத்தை மீட்டரில் எழுதி வையுங்கள். யாரோ போனில் பார்த்துச் சொன்ன எண்ணாக இல்லாமல் முறைப்படி அளந்ததாக இருக்கட்டும். பாறையில் பெயின்ட் அடித்துக் காட்டைக் கெடுக்க வேண்டாம், முழங்கால் உயரக் கல் ஒன்று நட்டால் போதும்.

வாட்ச் கட்டாதவர்களுக்கும் இது உதவும், வெள்ளியங்கிரியைத்தான் சொல்கிறேன். கையில் மூங்கில் தடியோடு, வெறும் காலில், பழக்கமே இல்லாத பெரியவர்கள் ஏழு மலையும் ஏறுகிறார்கள். மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் பக்தர்கள் இறந்த செய்தி சில வருடங்களாக உங்கள் நாளிதழிலேயே வந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவருக்கு, இதுவரை எவ்வளவு ஏறினோம், இன்னும் எவ்வளவு ஏற வேண்டும் என்று எழுதியிருந்தால், கூட வந்தவர்கள் 'வாங்கப்பா, இந்தா வந்துருச்சு' என்று கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். உட்காரவைத்து மெதுவாக இறக்கிக் கூட்டிப்போகவும் ஒரு காரணம் கிடைக்கும்.

40 பாதைக்கும் ஒரேயடியாகச் செய்ய நிதி இல்லை என்று சொன்னால், பிப்ரவரியில் வெள்ளியங்கிரி பாதையைத் திறப்பதற்கு முன் அங்கே மலைக்கு ஒன்றாக ஏழு பலகையும் அடிவாரத்தில் ஒன்றும் வையுங்கள், மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மலையேறும் வாசகர்,
கோயம்புத்தூர்