உம்ரா பயணத்தில் துணை நின்ற அனைவருக்கும் ஒரு நன்றி மடல்

பேரன்புக்குரிய உறவுகளுக்கும், எங்களுடன் பயணித்த உம்ரா குழுவினருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக. மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழி. அந்தக் கடமையை நிறைவேற்றவே இம்மடலை எழுதுகிறேன். பெரும்பாலோருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், இதைப் பொதுவில் எழுத ஒரு காரணம் உண்டு. பெண்கள் தமக்குள்ளேயே பேசி, தமக்குள்ளேயே அழுது முடித்துவிடும் மாதவிடாய் விஷயத்தில்தான் எனக்கு இத்தனை பேரின் உதவியும் கிடைத்தது. அதை மறைத்துவிட்டு நன்றி மட்டும் சொன்னால், எதற்காக நன்றி சொல்கிறேன் என்பதே யாருக்கும் விளங்காது.

மக்காவில் கஅபாவை வலம்வந்து நிறைவேற்றும் உம்ரா வணக்கத்துக்கான பயணம் உறுதியானதும் நான் முதலில் சென்று பார்த்தது, ஆண்டுக்கணக்காக எனக்கு மருத்துவம் பார்க்கும் மகப்பேறு மருத்துவரைத்தான். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்லும் பெண்கள் பலர் அப்படித்தான் செய்கின்றனர். ஆனால், முன்பு ஒருமுறை காலில் இரத்த உறைவு ஏற்பட்டு நான் சிகிச்சை பெற்றிருப்பதால், அந்த மாத்திரையும் நீண்ட நேர விமானப் பயணமும் சேர்ந்தால் எனக்கு ஆபத்து என்று அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மறுத்ததோடு அவர் நிறுத்தவில்லை. எந்த வணக்கத்திற்குத் தூய்மை கட்டாயம், எது இல்லாமலும் செய்யலாம், மக்காவில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார். இஸ்லாத்தைச் சேர்ந்தவர் அல்லர் அவர். இருந்தும் ஒரு தாளில் தேதிகளை எழுதிக் கணக்குப் பார்த்து, "மதீனாவில் நாட்களைக் குறைத்துக்கொண்டு மக்காவில் கூடுதலாகத் தங்க முடியுமா என்று உங்கள் குழுவினரிடம் கேளுங்கள்" என்று வழிகாட்டினார். பின்னாளில் என் உம்ராவைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான். டாக்டர் அம்மா, தங்களுக்கு என் முதல் நன்றி.

அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு பயண ஏற்பாட்டாளரிடம் என் கணவர் பேசியபோது, அவர் முகம் சுளிக்கவில்லை. காரணத்தையும் துருவிக் கேட்கவில்லை. எங்கள் திரும்பு விமானத்தை அடுத்த குழுவுடன் இணைத்து, மக்காவில் தங்கும் நாட்களை நீட்டித்துத் தந்தார். பாஸ்போர்ட், புகைப்படம், மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கும் பயண நிறுவனங்கள், பெண்களிடம் இது பற்றி ஒரு பெண் பணியாளர் மூலமாவது கேட்டுவிட்டுப் பயண நாட்களை முடிவு செய்தால் எத்தனையோ பேரின் தவிப்பு குறையும் என்பது என் கருத்து. விமான நாள் நெருங்க, மாதவிடாயில் செய்யக் கூடாத தவாஃபை (கஅபாவை ஏழு முறை சுற்றிவருவதை) முடிக்க முடியாமல், இஹ்ராம் என்னும் கட்டுப்பாடுகள் உள்ள வணக்க நிலையிலிருந்து விடுபடவும் வழி தெரியாமல் கலங்கி நிற்கும் சகோதரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நிலை எனக்கு வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மதீனாவில் எல்லாம் இலகுவாகவே நடந்தது. நபிகளாரின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியில் உள்ள ரவ்ளா ஷரீஃபில் தொழுவதற்கு இப்போது சவூதி அரசின் நுசுக் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்கான நேரமும் தனி. கைபேசியில் தமிழ் எழுத்தையே பெரிதாக்கிப் படிக்கும் எங்கள் மூதாட்டிகளுக்கெல்லாம் அருகில் அமர்ந்து பதிவு செய்து கொடுத்த குழுவின் இளைஞருக்கு, அவர்கள் அங்கே கேட்ட துஆக்களில் (பிரார்த்தனைகளில்) நிச்சயம் ஒரு பங்கு இருக்கும். மஸ்ஜிதுந் நபவியிலும் மஸ்ஜித் குபாவிலும் மனநிறைவுடன் தொழுதேன்.

மக்காவுக்குப் புறப்பட வேண்டிய காலையில்தான், டாக்டர் கணித்தபடியே, எனக்கு மாதவிடாய் வந்தது. எதிர்பார்த்திருந்தேன், சட்டமும் அறிந்திருந்தேன். இருந்தபோதிலும் மனம் உடைந்துபோனது. மதீனாவிலிருந்து செல்வோர் இஹ்ராம் அணிய வேண்டிய மீக்காத் எல்லை துல்ஹுலைஃபா. இன்று பீர் அலி என்று அழைக்கப்படும் அவ்விடம் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவுதான் என்பதால், அழுது முடிப்பதற்குள் பேருந்து அங்கே போய் நின்றுவிட்டது. எல்லோரும் குளித்து, இஹ்ராமுடைய இரண்டு ரக்அத் தொழுவதற்காகப் பள்ளிவாசலுக்குள் விரைந்தனர். நான் குளியலறைகளின் பக்கம் ஒதுங்கி நின்றேன்.

எங்கள் குழுவுடன் வந்திருந்த, மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா அவர்கள் தாமும் உள்ளே போகாமல் என்னருகில் வந்து நின்றார்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, நபி (ஸல்) அவர்களுடைய ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டு வந்த அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் இதே துல்ஹுலைஃபாவில் முஹம்மது பின் அபூபக்ரைப் பெற்றெடுத்ததையும், "இப்போது நான் என்ன செய்வது?" என்று அவர்கள் ஆளனுப்பிக் கேட்டபோது, குளித்து, துணியைக் கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணியுமாறு நபியவர்கள் சொல்லியனுப்பியதையும் எடுத்துச் சொன்னார்கள். ஊரில் நடந்த வகுப்பில் மார்க்க அறிஞரான ஹஜ்ரத் அவர்களும் இதைச் சொல்லியிருந்தார்கள். குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அந்த இடத்திலேயே நின்று, ஒரு பெண்ணின் வாயால் கேட்டபோதுதான் என் அழுகை நின்றது. பிள்ளை பெற்ற உடம்போடு அந்தத் தாய் இஹ்ராம் அணிந்த மண்ணில் எனக்கு என்ன குறை? மொழி தெரியாத ஒரு துப்புரவுப் பணிப்பெண், வரிசையில் நின்றவர்களைக் கையசைத்து நிறுத்திவிட்டு, ஒரு குளியலறையைக் கழுவி எனக்காகத் திறந்துவிட்டார். குளித்து, உம்ராவுக்கான நிய்யத் (மன உறுதி) செய்து, எல்லோருடனும் சேர்ந்து 'லப்பைக்' என்னும் தல்பியா சொல்லிக்கொண்டே பேருந்தில் ஏறினேன். ஆலிமா அவர்களே, அந்தச் சில நிமிடங்களுக்காக நான் வாழ்நாளெல்லாம் தங்களுக்குக் கடன்பட்டவள்.

மக்கா வந்து சேர்ந்த இரவே குழுவினர் அனைவரும் உம்ராவை முடித்து இஹ்ராமிலிருந்து விடுபட்டனர். நான் மட்டும் இஹ்ராமிலேயே அறையில் தங்கினேன். அந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால், என்னுடன் அறையைப் பகிர்ந்துகொண்ட பெரியம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர். முழங்கால் வலியோடு தவாஃப் செய்துவிட்டு வந்தவர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, விடுதிக்காரர்கள் வைத்திருந்த வாசனைச் சோப்பு, ஷாம்பு, நறுமணக் கைத்துடைப்பான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றியதுதான். இஹ்ராமில் இருப்பவர் நறுமணம் தொடக்கூடாது. நான் மறந்து கை கழுவிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. தாம் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த வாசனையற்ற சோப்பைப் பாதியாக வெட்டி எனக்குத் தந்தார். தமக்குத் தடை நீங்கிவிட்ட பின்பும், நான் இஹ்ராமில் இருக்கும்வரை அந்த அறையில் அவர் அத்தர் பூசவேயில்லை.

மற்றவர்கள் புனித இடங்களின் ஜியாரத்துக்கும், கஅபா உள்ள ஹரம் பள்ளிவாசலுக்கும் போய்வந்துகொண்டிருக்க, நான் முடங்கிக் கிடப்பதாக ஒருநாள் அவரிடம் வருந்தினேன். "மகளே, நாங்களெல்லாம் இஹ்ராமை விட்டு வந்தாயிற்று. நீ இன்னும் அல்லாஹ்வுடைய நிய்யத்தில் இருக்கிறாய். உனக்கென்ன வருத்தம்?" என்று கேட்டார். நபியவர்களின் துணைவியார் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களும் இதே நிலையில் அழுதபோது, இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று, ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய், தூய்மையாகும்வரை தவாஃப் மட்டும் செய்யாதே என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் கூறியதை ஹஜ்ரத் அவர்கள் தம் மனைவி மூலம் சொல்லியனுப்பியதும் அன்றுதான். திக்ரிலும் ஸலவாத்திலும் துஆவிலும் அந்த நாட்களைக் கழித்தேன். உறவினரும் தோழியரும் எழுதித் தந்திருந்த துஆக் குறிப்பேட்டை அவசரமின்றி, ஒவ்வொருவர் முகத்தையும் நினைத்துக்கொண்டு படித்துக் கேட்கும் வாய்ப்பு அந்த அறையில்தான் எனக்குக் கிடைத்தது. ஆகவே, துஆ கேட்கச் சொன்னவர்கள் எவரும் தம் பெயர் விட்டுப்போயிருக்குமோ என்று ஐயப்பட வேண்டாம்.

என் கணவரைப் பொதுவில் புகழ்வது நம் வழக்கமன்று. அவருக்கும் அது பிடிக்காது. எனினும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் தூய்மையானபோது, அவர் உம்ராவை முடித்துச் சாதாரண உடைக்கு மாறிப் பல நாட்கள் ஆகியிருந்தன. அந்நாட்களில் கஅபாவைச் சுற்றியுள்ள தரைத்தளத்து மதாஃபுக்குள் இஹ்ராம் உடையில் வரும் ஆண்களை மட்டுமே காவலர்கள் அனுமதித்தனர். மற்றவர்களை மேல்தளங்களுக்கு அனுப்பிவிட்டனர். முதன்முதலாகக் கஅபாவைப் பார்க்கப்போகும் என்னைத் தனியே கூட்டத்தில் விட அவருக்கு மனமில்லை. எனவே அதிகாலை பஜ்ரு தொழுத கையோடு, மக்காவின் புனித எல்லைக்கு வெளியே தன்யீமில் உள்ள மஸ்ஜித் ஆயிஷாவுக்குச் சென்று, மறைந்த மாமா அவர்களின் பெயரால் மீண்டும் இஹ்ராம் அணிந்து வந்தார். அன்று ஆயிஷா நாயகியை உம்ராவுக்காகத் தன்யீமுக்கு அழைத்துச் சென்றவர் அவர்களுடைய சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி). இன்று எனக்காக அதே இடத்திற்கு இவர் ஓடினார். முதல் உம்ராவிலேயே மழித்திருந்த தலையில் அன்று மறுபடியும் சவரக்கத்தி ஓடியதைச் சொல்லி மாமி இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

குழுவிலிருந்த லாத்தா (அக்கா) இருவரும், அவர்களுக்கு அவசியமே இல்லாதிருந்தும், எனக்குத் துணையாக வந்தனர். கஅபாவின் மூலையில் உள்ள ஹஜருல் அஸ்வத் என்னும் கறுப்புக் கல்லுக்கு நேரே சுவரில் எரியும் பச்சை விளக்கைக் காட்டி, அங்கிருந்து தொடங்கச் செய்தனர். எண்ணிக்கை தவறாமல் இருக்க ஆலிமா தந்திருந்த ஏழு மணிச்சரத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மணியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். இருபுறமும் லாத்தாக்கள், பின்னால் கணவர் என அவர்கள் அரணாக நின்றதால், நெரிசலைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. கஅபாவைக் கண்ட முதல் பார்வையைப் பற்றி எழுத என்னால் ஆகாது. மகாமு இப்ராஹீமுக்குப் பின்னால் இடம் தேடித் தொழுது, ஸம்ஸம் நீர் அருந்தி, ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடப்பதற்காக ஸஃபாவுக்குச் சென்றோம். பச்சை விளக்குகளுக்கிடையில் ஆண்கள் மட்டுமே ஓட வேண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் என் கணவர் முன்னே ஓடிப்போய், விளக்கு முடியும் இடத்தில் ஓரமாக நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். ஏழாவது நடை மர்வாவில் முடிந்ததும், நான் இஹ்ராமிலிருந்து விடுபடுவதற்காக, பெரியம்மா கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்த சிறு கத்தரிக்கோலால் மூத்த லாத்தா என் கூந்தலின் நுனியை விரல் நுனியளவு வெட்டிவிட்டார்.

ஊரில் என் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்துக் கவனித்துக்கொண்ட மதினி, பயணம் நீண்டபோதும் அலுத்துக்கொள்ளாமல் என் வகுப்புகளை ஏற்று நடத்திய சக ஆசிரியைகள், விமான நிலையம்வரை வந்து வழியனுப்பிய ஜமாஅத்தார், காய்ச்சலில் கிடந்தபோதும் அதை என்னிடம் சொல்லாமல் மறைத்த என் உம்மா ஆகிய அனைவருக்கும் என் நன்றி. உம்மாவிடம் மட்டும் எனக்குச் சிறு கோபம் உண்டு. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

எவருடைய பெயரையும் இங்கே நான் குறிப்பிடவில்லை; பெயர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டனர். அடுத்த குழுவில் செல்லவிருக்கும் சகோதரிகள், இந்த விஷயத்தில் என்ன கேட்க வேண்டுமானாலும் கூச்சமின்றி என்னிடம் கேட்கலாம். மார்க்கச் சட்டத்திற்கு ஆலிமா அவர்கள் இருக்கிறார்கள், மருந்து பற்றி அவரவர் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், மற்றவற்றுக்கு நான் இருக்கிறேன். டாக்டர் அம்மாவுக்கும், இன்னும் ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் வந்து சேராத மற்றவர்களுக்கும் இந்த வாரத்திற்குள் கொண்டுவந்து தருகிறோம்.

எனக்காகத் தம் நேரத்தையும் ஓய்வையும் விட்டுக்கொடுத்த ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் ஈருலகிலும் நற்கூலி வழங்குவானாக. பெரியம்மாவின் முழங்கால்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக. இன்னும் செல்லாதவர்களுக்கு அவ்வில்லத்தைக் காணும் நஸீபை (பேற்றை) நிறைவாகத் தந்தருள்வானாக. ஆமீன். ஜஸாகுமுல்லாஹு கைரன்.

வஸ்ஸலாம்,
தங்கள் துஆவை நாடும் சகோதரி